ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்குப் பெரியவள் எழுதுவது.

இங்கே அம்மா, சின்னவள், நான் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் மறந்திருந்தால் அவளே ஞாபகப்படுத்துகிறாள். உங்கள் உடம்பு எப்படி? போனில் விசாரிக்கலாம் என்றால் நீங்கள் "ஆ? என்ன? ஆ?" என்று போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் ஆலை பாய்லர் உங்கள் காதை எடுத்துக்கொண்டு என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டது.

இரண்டு செய்திகள். சின்னவளுக்கு மே மாதம் பன்னிரண்டாம் தேதி கல்யாணம் முடிவாகிவிட்டது. மண்டபமும் பேசியாகிவிட்டது. இது நல்ல செய்தி. இரண்டாவது எந்த வகை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டேன். நான்கு வருடமாக "காது தெரியணும், தலையை நேரா வைங்க, சிரிக்காதீங்க" என்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்து எடுத்து எனக்கே சிரிப்பு மறந்துபோய்விட்டது. இப்போது கல்யாணப் படம் எடுக்கிற ஒரு குழுவில் மூன்றாவது கேமராவாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் கேமரா மணமக்களை எடுக்கும். இரண்டாவது பெற்றவர்களை எடுக்கும். மூன்றாவது கேமரா விளக்கையும் கூரையையும் வாயைத் திறந்து சாப்பிடுகிறவர்களையும் எடுக்கும்.

ஆனால் சின்னவள் கல்யாணத்தில் நான்தான் முதல் கேமரா. வெளியாள் கிடையாது என்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் லீவு கேட்டு வையுங்கள். முன்வரிசையில் உங்கள் வழுக்கையில் ஃபிளாஷ் பட்டுத் தெறிக்காமல் எடுத்துவிட்டால் நான் தேறிவிட்டேன் என்று அர்த்தம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பெரியவள்

---

பிப்ரவரி 17

என் பெரியவளுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. பசி மட்டும் கொஞ்சம் குறைச்சல். எங்கள் மெஸ் சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் அதை வியாதி என்று சொல்ல முடியாது, புத்திசாலித்தனம் என்றுதான் சொல்லவேண்டும். அம்மாவை அதிகம் மாடிப்படி ஏற விடாதே.

சின்னவளுக்குக் கல்யாணம் என்று படித்ததும் ஆலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் அறையில் கூட இருக்கிற தையற்காரர், ஆலையின் சீருடைகளைத் தைக்கிறவர், எனக்கு வெள்ளையில் ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லி அப்போதே டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மூணு மாசம் இருக்கே, அதுக்குள்ள உடம்பு மாறிடாதா?" என்று கேட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் குண்டாகத்தான் ஆவார்கள் என்று ஓர் அங்குலம் கூட்டியே எழுதிக்கொண்டார்.

வேலையை விட்டதற்கு நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பாய். திட்டுவதற்கு அங்கே அம்மா இருக்கிறாள். திட்டுகிற வேலைக்கு இரண்டாவது கேமரா எதற்கு? பிடித்ததைச் செய். ஏப்ரல் கடைசியில் கிளம்பிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா

---

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

அனைவரும் சுகம். உங்கள் பசி திரும்பி வந்ததா இல்லையா என்று முதலில் எழுதுங்கள்.

இதுவரை ஏழு கல்யாணம் பார்த்துவிட்டேன். எதிலும் நான் சாப்பிட்டதில்லை, அது வேறு கதை. மூன்றாவது கல்யாணத்தில் வாசலருகே ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் தளும்புகிறது, அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் இவர்கள்தான் என்று நினைத்து அரைமணி நேரம் விடாமல் அவர்களையே எடுத்தேன். கடைசியில் விசாரித்தால் அவர்கள் அடுத்த மண்டபத்துக்கு வந்தவர்கள்! இடம் தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷனாம், அதனால்தான் தண்ணீர். எங்கள் முதலாளி அந்தப் படங்களைப் பார்த்து, "இவ்வளவு நல்லா எடுத்திருக்கியே, யாருக்குக் கொடுக்கிறது?" என்றார். அவர் அப்படிக் கேட்டதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பயிற்சிக்காக அம்மாவை ஜன்னலோரம் நிற்க வைத்து எடுக்கிறேன். "இடது பக்கம் திரும்பு, மோவாயைக் கொஞ்சம் இறக்கு" என்று நான் சொன்னால், "அடுப்புல இருக்கிறதை யாரு இறக்குறது?" என்கிறாள்.

டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? எந்தத் தேதி? சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்பு மறவாத,
பெரியவள்

---

ஏப்ரல் 2

பெரியவளுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்கவேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

என்னால் கல்யாணத்துக்கு வரமுடியாது. மே மாதம் பாய்லரைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போகிறார்கள், ஆய்வு அதிகாரிகளும் வருகிறார்கள். பழைய பாய்லரின் குணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று லீவு தர மறுத்துவிட்டார்கள். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டு. நான் வரவில்லை என்பதற்காகவோ வேறு எதற்காகவோ கல்யாணத்தை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கக் கூடாது. என்ன வந்தாலும் சரி, பன்னிரண்டாம் தேதி நடந்தாகவேண்டும்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மேசை ஆடுகிறது.

அப்பா

---

ஏப்ரல் 9

அப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்கவேண்டும், ஆனால் இல்லை. உங்கள் கடிதத்தை நீங்கள் சொன்னபடியே இரண்டு முறை படித்தேன். அம்மா முதல் தடவை "வரலையா?" என்றாள். இரண்டாம் தடவை "சரி" என்றாள். எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள். சின்னவள் சாப்பிடவில்லை.

உங்களுக்கு இரண்டு பெண்களா, இரண்டு பெண்களும் ஒரு பாய்லருமா? இருபது வருடமாக அது உங்கள் காதைத் தின்றது போதாதா? இதற்கு மேல் எழுதினால் மரியாதை குறைந்துவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, நடக்கவேண்டியதைப் பார்ப்போம். குடும்பப் படத்தில் நீங்கள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று சின்னவள் அடம் பிடிக்கிறாள். எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு. வெளியூரில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, குரூப் படம் எடுக்கும்போது ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எடுப்போம். பிறகு அவர்களின் படத்தைத் தனியாக வெட்டி அந்த இடத்தில் சேர்ப்போம். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் சின்னவளுக்கும் நடுவில் உங்கள் இடம்.

ஆனால் பழைய படம் உதவாது. வெளிச்சம் பொருந்தாது. நான் சொல்வது போல் தையற்காரரை அவர் போனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பகலில் ஜன்னலோரம் நில்லுங்கள். வெளிச்சம் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கவேண்டும். அந்த வெள்ளைச் சட்டை. தலையிலிருந்து கால்வரை தெரியவேண்டும். போனை நெஞ்சு உயரத்தில் பிடிக்கவேண்டும். நிமிர்ந்து நில்லுங்கள். சிரியுங்கள். வரத்தான் முடியாது, இதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

பெரியவள்

---

ஏப்ரல் 27

பெரியவளுக்கு ஆசிகள்.

வால்வில் விரல் நசுங்கிவிட்டதால் நான் சொல்லச் சொல்லத் தையற்காரர் எழுதுகிறார். பயப்பட ஒன்றும் இல்லை. நீ கேட்டபடி படம் எடுத்து இன்று அவர் போனிலிருந்து அனுப்பிவிட்டார். பதினாலு எடுத்ததில் ஒன்றுதான் பரவாயில்லை. சிரிக்கச் சொல்லியிருந்தாய். பாய்லர்காரனுக்கு அதில் பயிற்சி இல்லை, முடிந்ததைச் செய்திருக்கிறேன்.

நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். நான் ஒன்றும் நினைக்கவில்லை. கல்யாணத்தை நல்லபடியாக நடத்துங்கள்.

அப்பா

---

மே 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் புகுந்த வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. அம்மா தைரியமாக இருக்கிறாள், ஆனால் இன்னும் மூன்று தட்டுதான் எடுத்து வைக்கிறாள். உங்கள் விரல் ஆறிவிட்டதா?

நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். அக்காவாக நின்று அழுவதா, கேமராக்காரியாக நின்று அழுகிறவர்களை எடுப்பதா? சின்னவள் கையெழுத்துப் போடக் குனிந்தபோது எனக்கு அக்காவாகத்தான் நிற்கத் தோன்றியது. கேமரா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, கை தானாக அழுத்திக்கொண்டே இருந்தது. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு படம். அதில் நூற்றைம்பதில் சம்பந்தியம்மாளுக்குக் கண் மூடியிருக்கிறது.

குடும்பப் படத்துக்கு நடுவில் இடம் விட்டு நிற்கச் சொன்னேன். மேடையில் கூட்டம், ஆளாளுக்கு நகர்ந்து நகர்ந்து அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறார்கள். அம்மாதான் கையை நீட்டி, "யாரும் வராதீங்க, இங்க அவர் நிக்கிறார்" என்று தடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

உங்கள் படத்தை வெட்டி ஒட்ட எனக்கு மூன்று நாள் ஆனது. தலையில் முடி இல்லாதது எவ்வளவு வசதி தெரியுமா? ஆனால் வேறு வகையில் உயிரை வாங்கிவிட்டீர்கள். உங்கள் அறையில் என்ன பல்பு மாட்டியிருக்கிறீர்கள்? முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே மஞ்சள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். சட்டை மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்ததால் அதில் கைவைக்கிற வேலை மிச்சம். முகத்தை மட்டும் தனியாக எடுத்து நிறம் திருத்தினேன், கண்ணை வெளுத்தேன். கன்னத்தில் நிழல் ஆழமாக விழுந்து ஒட்டிப்போன மாதிரி இருந்தது, பழைய படத்திலிருந்து கன்னத்தை எடுத்துவந்து நிரப்பிவிட்டேன். இப்போது பாருங்கள், மாப்பிள்ளைக்குப் போட்டியாக நிற்கிறீர்கள். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்தப் படத்தை மாப்பிள்ளை வீட்டில் பார்த்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், தன் கல்யாணத்துக்கு என்னையே எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஜூலை இருபது. குழு இல்லை, முதலாளி இல்லை, நானே ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம்.

அன்புடன்,
உங்கள் பெரியவள்

---

ஜூன் 15

என் பெரியவளுக்கு,

இன்றும் தையற்காரர்தான் எழுதுகிறார். விரல் ஆறிவிட்டது, எழுதச் சோம்பல். அம்மாவைக் கேட்டதாகச் சொல். மூன்றாவது தட்டை எடுத்து வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் சொல்லாதே.

படம் வந்தது. ஆமாம், இங்கே மஞ்சள் பல்புதான். சரியாகச் சொன்னாய். இவ்வளவு சதை வைத்து என்னை நீ அனுப்பியதைப் பார்த்து எங்கள் மெஸ்காரர் தன் சமையலால்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். "பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன், பாருங்க" என்கிறேன். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

படத்தில் அம்மாவின் ஒரு கை எனக்காக நீண்டு நிற்கிறது. அதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை இருபதாம் தேதியை நன்றாகச் செய். ஒப்புக்கொண்ட முதல் வேலை. அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான், திரும்ப எடுக்க முடியாது.

அப்பா

---

ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். சின்னவள் போன வாரம் வந்துபோனாள்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். இன்று காலை போன மாதத்துக் கல்யாணம் ஒன்றின் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் மஞ்சள் விளக்குகள். மேசை விரிப்பு, மாப்பிள்ளையின் சட்டை, காகிதத் தட்டு எல்லாம் மஞ்சளாக வந்திருந்தன. இப்படி இருந்தால் வெள்ளைத் துணி ஒன்றைத் தேடி அதை வெள்ளையாக்குவோம், முகங்கள் தானாகச் சரியாகிவிடும். இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது. வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் முதலில் மஞ்சளாவது வெள்ளைத் துணிதான்.

அப்பா, உங்கள் சட்டை வெள்ளையாக இருந்தது.

பகலில் ஜன்னலோரம் நிற்கச் சொன்னதும் நான்தான். அங்கே பல்புக்கு என்ன வேலை என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வெட்டாத படத்தைத் திறந்து மறுபடியும் பார்த்தேன். நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தக் கையை மறைக்கத்தான் நான் சின்னவளின் தோளை உங்கள் முன்னால் கொண்டுவந்தேன்.

உங்களுக்கு என்ன உடம்பு? எப்போதிலிருந்து? மறைக்காமல் எழுதுங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இருபதாம் தேதி அந்த டீச்சர் கல்யாணம். முடித்த மறுநாள், இருபத்தொன்று காலை ரயிலில் கிளம்பி இருபத்துமூன்றாம் தேதி அங்கே இருப்பேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவள்

---

ஜூலை 29

அன்புள்ள மகளுக்கு, உன் அப்பாவுடன் அறையில் இருந்த தையற்காரர் எழுதுவது.

அம்மா ஏதாவது சாப்பிடுகிறார்களா? நீ சாப்பிடுகிறாயா? நீங்கள் எல்லோரும் இங்கே வந்து அவரை அடக்கம் செய்த அன்று கூட்டத்தில் உன்னிடம் எதையும் சொல்ல முடியவில்லை. அம்மா முன்னால் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்த உன் கடிதங்களையும் இத்துடன் அனுப்புகிறேன்.

ஜனவரியிலேயே மஞ்சள் காமாலை என்றார்கள். மார்ச்சில்தான் ஈரல் கெட்டுவிட்டது, இனி மருந்துக்கு அடங்காது என்று டாக்டர் சொன்னார். "வீட்டுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதினா கல்யாணம் நின்னுடும். சின்னவளுக்கு நின்ன கல்யாணம்னு பேர் வரும். பெரியவளுக்கு முதல் வேலையே கெட்டுப்போகும்" என்றார். பாய்லர் கதை அவராகக் கட்டிச் சொன்னதுதான். மார்ச்சுக்குப் பிறகு அவர் பாய்லர் பக்கமே போகவில்லை.

அந்தப் படம் ஆஸ்பத்திரி வார்டில் எடுத்தது. கட்டிலிலிருந்து இறங்கி நிற்க அரைமணி நேரம் ஆனது. பிப்ரவரியில் அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்பில் நிற்கவில்லை. முதுகுப் பக்கம் மடித்து எட்டு குண்டூசி குத்தி இறுக்கினேன். முன்னால் தெரியாமல் செய்வது என் தொழில் அம்மா. என்னைக் குறை சொல்லாதே. படம் எடுத்த பிறகு ஊசியைக் கழற்றும்போது, "பெரியவள் கண்ணு ரொம்பக் கூர்மை, கண்டுபிடிச்சிடுவாள்" என்று பயந்தார். நீ பல்பு என்று எழுதியதைப் படித்துக் காட்டியதும் சிரித்தார்.

உன் கடைசிக் கடிதம் பத்தொன்பதாம் தேதி மதியம் வந்தது. காதருகே போய்ச் சத்தமாகப் படித்தேன். சட்டை வெள்ளை என்கிற இடம் வந்ததும், "பாருங்க, தொழில் கத்துக்கிட்டாள்" என்றார். எந்தத் தேதி வருகிறாள் என்று இரண்டு முறை கேட்டார். இருபத்துமூன்று என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "இருந்து பார்க்கலாம்" என்றார்.

நான் உடனே உனக்குப் போன் செய்யப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு அவளுக்குக் கல்யாண வேலை, கையில் நடுக்கம் வந்துவிடும் என்றார். மறுநாள் காலை பதினோரு மணிக்குப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்குச் சின்னவள் எழுதுகிறேன்.

போனில் பேச ஆரம்பித்தால் இரண்டு பேரும் அழுதே முடித்துவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன். இங்கே அவரும் அத்தையும் மாமாவும் நலம். அம்மா எப்படி இருக்கிறாள்? நீ வேலைக்கே போவதில்லை, கேமராவைத் தொடுவதில்லை, வருகிற கல்யாணங்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்கிறாய் என்று அம்மா வருத்தப்பட்டாள்.

அக்கா, உன்னை நீயே இப்படி வதைத்துக்கொள்ளாதே. அப்பா நம் எல்லோரிடமும்தான் மறைத்தார். படத்தைப் பார்த்து நானும்தான் ஏமாந்தேன், அம்மாவும்தான் ஏமாந்தாள். யாருக்காவது தெரிந்திருந்தால் விட்டிருப்போமா? உனக்குத் தெரிந்திருந்தால் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடியிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? அதை நினைத்துத்தான் நான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். நீயும் தேற்றிக்கொள்.

பதில் போடு அக்கா.
சின்னவள்

---

ஆகஸ்ட் 19

அன்புள்ள சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

அம்மா இருக்கிறாள், நானும் இருக்கிறேன். உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை ஒரு வாரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியாததை வைத்து நீ மனதைத் தேற்றிக்கொள்வதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்குத் தெரியும். ஜூலை பதினாலாம் தேதி காலை பத்து மணிக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன், படி. அன்று மாலையே ரயில் ஏறியிருந்தால் பதினாறாம் தேதி போய்ச் சேர்ந்திருப்பேன். நீயும் அம்மாவும் வந்திருப்பீர்கள். நான்கு நாள் அவரோடு இருந்திருக்கலாம்.

டீச்சர் கல்யாணத்துக்கு மாற்று ஆள் கேட்டேன். இரண்டு பேரைக் கேட்டேன், அன்று அவர்களுக்கும் வேலை இருந்தது. மூன்றாவது ஆளை நான் கேட்கவில்லை. என் முதல் கல்யாணத்தை இன்னொருத்தர் எடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை மாதம் இருந்தவர் இன்னும் ஒன்பது நாள் இருக்கமாட்டாரா என்று கணக்குப் போட்டேன். ஒப்புக்கொண்ட வேலையை நன்றாகச் செய் என்று அப்பாவே எழுதியிருக்கிறார் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் எழுதியது அது.

தையற்காரரின் நம்பர் என் போனில் இருந்தது. அப்பா படத்தை அவர் அனுப்பியதே அதிலிருந்துதான். அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் நான் போயாகவேண்டும். அதனால்தான் கடிதம் எழுதினேன். தபாலாபீஸில் அந்த அம்மா, "சீக்கிரம் போகணுமா, சாதாரணமா போனா போதுமா? சாதாரணம்னா அஞ்சு நாள் ஆகும்" என்று கேட்டார்கள். "சாதாரணமா போதும்" என்றேன்.

இருபதாம் தேதி பதினோரு மணிக்கு நான் மேடைக்கு முன்னால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "பொண்ணோட அப்பா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் படத்திலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் கல்யாணப் படங்கள் அத்தனையும் அருமையாக வந்திருக்கின்றன. ஒருவருக்கும் கண் மூடவில்லை. என் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை சின்னவளே, அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

அப்பா பத்தொன்பதாம் தேதி என் கடிதத்தைக் கேட்டுவிட்டு, நான் வருகிற தேதியை விரல்விட்டு எண்ணினாராம். "இருந்து பார்க்கலாம்" என்று சொன்னாராம். தையற்காரர் எனக்கு எழுதியிருந்தார். இதையும் உன்னிடமும் அம்மாவிடமும் மறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள், என் பக்கத்தில் வேண்டாம்.

எனக்கு இனி ஆறுதல் எழுதாதே. திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா